வந்த வழி தெரிந்த தேக்கு: மரச்சாமான் செய்பவர்கள் வாங்கும் முறை

மரக்கடைக்குக் கிளம்பும் முன் வெட்டுப்பட்டியலைத் தயார் செய்துகொள்ளுங்கள். எத்தனை துண்டு, என்ன நீளம், அகலம், கனம், எது கண்ணில் படும், எது உள்ளே மறையும் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். காட்டைக் காப்பதற்கும் இந்தக் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். "ஒன்றரை அடி அகலத்தில் ஒரே பலகை, கணுவே இருக்கக் கூடாது, வெள்ளை துளியும் கூடாது, பர்மா நிறம் வேண்டும்" என்று எழுதினால், அப்படிப்பட்ட பலகை வயதான பெருமரத்திலிருந்துதான் வர முடியும் (வெள்ளை என்பது பட்டையை ஒட்டிய வெளிர் மரம், வைரம் என்பது நடுவிலுள்ள முற்றிய மரம்). அந்த அளவு மரம் இன்று பெரும்பாலும் நிற்பது இயற்கைக் காட்டில். கேட்பவர் நல்லவர்தான். ஆனால் அவர் கேட்ட அளவு, வியாபாரியைத் தப்பான இடத்துக்குத் தள்ளிவிடுகிறது.

இருபது, இருபத்தைந்து வயதுத் தோட்டத் தேக்கு வேறு மாதிரி இருக்கும். பலகை அகலம் 75 முதல் 150 மி.மீ., அங்கங்கே கணு, ஓரத்தில் வெள்ளை, நிறம் கொஞ்சம் வெளிர். பட்டியலை இந்த மரத்துக்கு ஏற்ப எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அகலமான மேற்பரப்பைச் சிறு பலகைகளை ஒட்டிச் செய்யலாம். தடித்த காலை மூன்று 25 மி.மீ. பலகைகளை அடுக்கி ஒட்டலாம். நாற்காலி முதுகுச் சட்டம், சாரக்கட்டை, இழுப்பறை முகப்பு எல்லாமே குட்டைத் துண்டில் வரும். இழுப்பறையின் உட்பக்கப் பலகைக்கு வைரமே தேவையில்லை. பெரிய அலமாரிக் கதவுக்கு முழுத்தேக்கு போடுவது எங்கள் கணக்கில் வீண். அரை மி.மீ. தேக்கு வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டிய பலகையில் ஓரத்துக்கு மட்டும் முழுமரச் சட்டம் கொடுத்தால் பார்வையும் கெடாது, உழைப்பும் கெடாது.

ஒரு மேசை எவ்வளவு மரம் தின்னும்

1800 × 900 மி.மீ. மேல்பலகை, 22 மி.மீ. கனம். 70 மி.மீ. சதுரத்தில், 730 மி.மீ. உயரத்தில் நான்கு கால். 100 மி.மீ. அகலத்தில், மேல்பலகையின் அதே கனத்தில் சுற்றுச்சட்டம், நீளவாக்கில் 1600 மி.மீ. இரண்டு, குறுக்கே 700 மி.மீ. இரண்டு. முடிந்த மேசையில் இருக்கும் மரம் 0.06 கன மீட்டர், அதாவது 2.1 கன அடி.

மேல்பலகையை 75 மி.மீ. அகலத்தில் பன்னிரண்டு பலகையாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றையும் 1850 × 82 × 27 மி.மீ. அளவில் அறுத்து வாங்க வேண்டும். இழைக்கவும் ஓரம் நேராக்கவும் முனை வெட்டவும் அவ்வளவு விட்டால்தான் சரி. கால், சட்டத்துக்கும் இப்படியே கூட்டினால் 2.85 கன அடி வரும். கணு, வெடிப்பு, வெள்ளை என்று தள்ளுவதற்குக் கால் பங்கு சேருங்கள், 3.6 கன அடி. தடியை அறுத்தால் பாதிதான் பலகையாகும், மீதி மரத்தூளும் ஓரப்பட்டையும். ஆக, தடியாகப் பார்த்தால் 7 கன அடி. மேசையில் நிற்பதைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

சேதாரத்தை எங்கே குறைக்கலாம் என்று இந்தக் கணக்கு காட்டும். நீளமான துண்டுகளை முதலில் ஒதுக்குங்கள், மீதியில் சிறியதை எடுங்கள். கால் உயரத்தை 740 ஆக்காமல் 730 ஆக்கினால் 2.25 மீட்டர் பலகையில் மூன்று கால் வெட்டிய பின்னும் ரம்ப வாய்க்கு இடம் இருக்கும். 1.5 மீட்டர் தடி பல இடங்களில் ஆள் தேடாமல் கிடக்கும். உங்கள் சாமானில் முக்கால்வாசித் துண்டு ஒரு மீட்டருக்குக் கீழே என்றால் அந்தக் குட்டைத் தடியே போதும்.

எங்கிருந்து வாங்குவது

தோட்டத் தேக்கைத் தாழ்வாகப் பேசும் வழக்கம் ஒன்று இருக்கிறது. கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் நட்ட கனோலித் தோட்டத்தின் மரங்கள் இன்றும் நிற்கின்றன. அவையும் மனிதர் நட்டவைதான். குறை தோட்டத்தில் இல்லை, வெட்டும் வயதில் இருக்கிறது. இளம் மரத்தில் வெள்ளை அதிகம், நடுக்குருத்தை (தடியின் மையத்தை) ஒட்டிய இளமரப் பகுதி அதிகம். அந்தப் பகுதியிலிருந்து வரும் பலகை முறுக்கிக்கொள்ளும். வேகமாக வளர்ந்த மரம் வலுவில்லாதது என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். வளைய அகலத்தை மட்டும் பார்த்துத் தேக்கின் வலுவைச் சொல்லிவிட முடியாது.

இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 2,500 கன்று பிடிக்கும். வளர வளர இடையிடையே வெட்டிக் கலைத்துக்கொண்டே வந்து, கடைசி வெட்டுக்குச் சில நூறு மரம்தான் மிஞ்சும். நடுவில் கலைத்த மரமெல்லாம் சிறு தடி. அதை வாங்க ஆள் இருந்தால்தான் மிச்ச மரத்தை இன்னும் பத்து இருபது வருடம் விட்டுவைக்கத் தோட்டக்காரருக்குக் கை தாங்கும். சாரக்கட்டையும் சிறு சட்டமும் தேவைப்படுகிறவர்கள் இந்தக் கலைப்புத் தடியைக் கேட்டு வாங்குங்கள்.

தோட்டம் என்ற ஒரு சொல் மட்டும் போதாது. இயற்கைக் காட்டை வெட்டிவிட்டு அதே இடத்தில் தேக்கு நட்டிருந்தால் அது தோட்டம்தான், ஆனால் நாம் தேடுகிற மரம் அது இல்லை. நட்ட வருடம் என்ன, அதற்கு முன் அந்த நிலத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பதிலைச் சரிபார்க்க முடியும். தோட்டத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வாங்கிப் பழைய செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். லேண்ட்சாட் படங்கள் 1972 முதலே இருக்கின்றன. 2012இல் நட்டது என்கிற இடம் 2010 படத்தில் அடர்காடாகத் தெரிந்தால் வேறு தோட்டம் பாருங்கள்.

நேரில் போக முடிந்தால் மரத்தை விடத் தரையைக் கவனியுங்கள். தேக்கு இலை முறம் மாதிரி விரிந்திருக்கும். மழைத்துளிகள் அதில் ஒன்றுசேர்ந்து பெரிய சொட்டாகக் கீழே விழும். கீழே புல்லும் புதரும் சருகும் இருந்தால் அடி தாங்கும். சருகை எரித்துத் தரையைத் துடைத்து வைத்திருந்தால் ஒவ்வொரு சொட்டும் மண்ணைத் தெறிக்க வைக்கும், சரிவில் மண் ஓடிவிடும். வேர்க்கழுத்து மண்ணுக்கு மேலே கைப்பிடி உயரம் தெரிகிறதா, ஓடைக்கரையில் வேறு மரங்களை விட்டுவைத்திருக்கிறார்களா என்று பார்த்தாலே பராமரிப்பின் லட்சணம் புரிந்துவிடும்.

வயல் வரப்பிலும் வேலியோரத்திலும் நிற்கும் தேக்கு நல்ல மூலம். காடு எதையும் அழிக்காமல் வளர்ந்தது. நெருக்கம் இல்லாமல் வளர்வதால் கிளை அதிகம், கணு அதிகம். அடித்தடி மட்டும் நேராக இருக்கும். வேலிக் கம்பி அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும், ரம்பத்துக்கு முன் உலோகம் காட்டும் கருவியை ஓட்டுங்கள்.

பழைய மரம் மூன்றாவது வழி. இடித்த கட்டடத்தின் உத்தரம், கதவு நிலை, விட்டம் போன்றவை. வைரம் பாய்ந்த பெரிய அளவு தேவை என்றால் முதலில் இங்கே தேடுவதுதான் நியாயம். ஆனால் மூன்று ஆபத்து உண்டு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், சோதிக்காமல் உலர்வாகத் தேய்க்காதீர்கள். ரயில் சிலிப்பர்க் கட்டையிலும் துறைமுகத் தூணிலும் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கலாம். அந்தக் கார வாடை வந்தால் வீட்டுச் சாமானுக்கு ஆகாது. மூன்றாவது, போலி. புது மரத்தில் ஆணி அடித்துப் பிடுங்கிக் கறுப்புச் சாயம் பூசிப் பழசு என்று விற்பார்கள். உண்மையில் பல வருடம் ஆணி இருந்த துளையைச் சுற்றித் துருக்கறை ரேகையோடு நீளவாக்கில் ஊறியிருக்கும். போலித் துளையின் ஓரம் சுத்தமாக இருக்கும். எந்தக் கட்டடம், எப்போது இடித்தது என்று விற்பவரிடம் எழுதி வாங்குவது இங்கேயும் அவசியம்.

"பர்மா தேக்கு" என்று சொன்னால்

மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் தடியாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே "இப்போது வந்த பர்மா தடி" என்று யாராவது காட்டினால், ஒன்று அது பர்மா இல்லை, அல்லது கள்ளத்தனமாக வந்தது, அல்லது 2014க்கு முன்பே வந்து குடோனில் கிடந்தது. மூன்றாவது உண்மை என்றால் அந்தக் கால இறக்குமதிச் சீட்டு இருக்க வேண்டும். அறுத்த பலகையும் சிக்கல்தான். அந்நாட்டின் மரத்தை விற்கும் அரசு நிறுவனமான மியான்மா டிம்பர் எண்டர்பிரைஸ் மீது 2021 ஏப்ரலில் அமெரிக்காவும் ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. முடித்த சாமானை அந்தச் சந்தைகளுக்கு அனுப்புகிறவர் இந்த மரத்தைத் தொடவே கூடாது. மூன்றாம் நாட்டில் அறுத்து, அந்த நாட்டு மரம் என்று பெயர் மாற்றி வருவதும் நடக்கிறது. அதனால் "எந்த நாட்டிலிருந்து வந்தது" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். எந்த நாட்டில் நின்ற மரம் என்று கேளுங்கள்.

தாய்லாந்து 1989இலேயே இயற்கைக் காட்டில் வெட்டுவதைத் தடை செய்துவிட்டது. அங்கிருந்து வருவது தோட்ட மரமாகவோ பழைய மரமாகவோதான் இருக்க முடியும். ஜாவாத் தேக்கு பெரும்பாலும் பெர்ஹுத்தானி என்ற அரசு நிறுவனத்தின் தோட்டங்களிலிருந்தும் கிராமத்தார் நிலங்களிலிருந்தும் வருகிறது. இந்தோனேசியாவில் எஸ்.வி.எல்.கே. என்ற சட்டபூர்வச் சரிபார்ப்பு முறை உண்டு. லாவோஸில் லுவாங் பிரபாங் பகுதிச் சிறு விவசாயிகள் தேக்கு வளர்க்கிறார்கள். கானா, கோஸ்டாரிகா, பனாமா, ஈக்வடார், பிரேசில் நாடுகளில் தேக்கு இயற்கையாக வளர்வதில்லை, எல்லாமே நட்டது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, நடும் முன் அந்த இடம் என்னவாக இருந்தது என்பதுதான்.

காகிதத்தைப் படிக்கும் விதம்

சுவரில் தொங்கும் சான்றிதழ் உங்கள் லாரியில் ஏறும் மரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. பார்க்க வேண்டியது பில். எஃப்.எஸ்.சி. (காட்டைப் பொறுப்பாகப் பராமரிப்பதற்கான பன்னாட்டுச் சான்றுமுறை) சான்று பெற்ற மரம் என்றால் பில்லில் அந்தப் பலகையின் வரியிலேயே "எஃப்.எஸ்.சி. 100%" அல்லது "எஃப்.எஸ்.சி. மிக்ஸ்" என்று அச்சாகியிருக்க வேண்டும். விற்பவரின் சான்று எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணில், மரம் கைமாறும் சங்கிலியைக் குறிக்கும் சி.ஓ.சி. என்ற எழுத்துகளும் ஆறு இலக்கமும் வரும். அதை எஃப்.எஸ்.சி. தேடல் பக்கத்தில் போட்டு நான்கு விஷயம் பாருங்கள். சான்று இன்றைக்குச் செல்லுபடியாகிறதா, இடைநிறுத்தமா? நிறுவனத்தின் பெயர் பில்லில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா? அறுத்த மரம் என்ற பொருள் வகை அதில் இருக்கிறதா? மர வகையில் தேக்கின் தாவரப் பெயரான டெக்டோனா கிராண்டிஸ் இருக்கிறதா? சீமை ஊசியிலை மரத்துக்கு மட்டும் சான்று வைத்துக்கொண்டு அதே எண்ணைத் தேக்குப் பில்லில் அச்சடிப்பது, கவனிக்காதவரிடம் எளிதாகச் செல்லுபடியாகும் தந்திரம்.

சங்கிலி அறுபடும் இடம் ஒன்று உண்டு. தோட்டத்துக்குச் சான்று இருக்கிறது, அறுப்பு ஆலைக்கும் இருக்கிறது. நடுவில் ஒரு புரோக்கர் தன் பெயரில் வாங்கி விற்றால், அவருக்குச் சான்று இல்லாவிட்டால், அதற்குப் பிறகு அந்த மரத்தைச் சான்று மரம் என்று சொல்ல முடியாது. மரம் அதேதான், சொல்லும் உரிமை போய்விட்டது. "கன்ட்ரோல்டு வுட்" என்று பில்லில் இருந்தால் அதை முழுச் சான்று மரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மோசமான மூலங்களைத் தவிர்த்தது என்ற அளவுக்கு மட்டும்தான் அதற்கு அர்த்தம். பி.இ.எஃப்.சி. என்ற இன்னொரு சான்றுமுறை அந்தந்த நாட்டுத் திட்டங்களை ஏற்று நடப்பது. அதற்கும் இதே சோதனைதான்.

சிறு விவசாயியிடம் சான்று இருக்காது. சான்றெடுக்கும் செலவு அவருக்குக் கட்டாது. அதற்காக அவரைத் தள்ளிவிடுவது தவறு. அவரிடம் கேட்க வேண்டியவை வேறு. நில உரிமைக்கான ஆவணம், வெட்ட அனுமதி தேவைப்படும் நாட்டில் அந்த அனுமதி, ஏற்றிச் செல்லும் சீட்டு, வெட்டிய மரங்களின் எண்ணிக்கையும் சுற்றளவும் எழுதிய பட்டியல். தடியின் முனையில் எண்ணும் சுத்தியல் முத்திரையும் இருக்கும் நாடுகளில் அவை பட்டியலோடு பொருந்த வேண்டும். ஏற்றிச் செல்லும் சீட்டின் தேதியையும் வாகன எண்ணையும் கட்டாயம் பாருங்கள். ஒரே சீட்டை வைத்து நான்கு லாரி ஓட்டுவது பழைய பழக்கம்.

பிறகு அளவைக் கூட்டிப் பாருங்கள். சீட்டில் 5 கன மீட்டர் தடி என்றிருந்து, அதிலிருந்து 4 கன மீட்டர் பலகை வந்தது என்று விற்றால் எங்கோ வேறு மரம் கலந்திருக்கிறது. தோட்டத் தடியிலிருந்து பாதிக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான் பலகை வரும்.

ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்கள் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்பு விதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழிந்த நிலத்து மரம் ஆகாது. வெட்டிய நிலத்தின் புவி அமைவிடத்தை ஆறு தசம இலக்கத்தோடு கொடுக்க வேண்டும். நிலம் 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் சுற்று எல்லையையே கொடுக்க வேண்டும். விதி நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போடப்பட்டது. தேதி என்னவானாலும் இந்த விவரத்தை மரம் வாங்கும்போதே கேட்டு வைப்பது சுலபம். இரண்டு வருடம் கழித்துத் தோட்டக்காரரைத் தேடி அலைவது சுலபம் இல்லை.

பெயரில் மட்டும் தேக்கு

பில்லில் தாவரப் பெயர் கட்டாயம். ஆப்பிரிக்கத் தேக்கு என்று வருவது பெரும்பாலும் இரோகோ, சில சமயம் அஃப்ரோமோசியா. பிரேசில் தேக்கு என்பது குமாரு. ரொடீசியத் தேக்கு வேறொரு குடும்பத்து மரம். இதில் தரத்தை விடச் சட்டம்தான் பெரிய சிக்கல். அசல் தேக்கு, ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லை. அஃப்ரோமோசியா 1992 முதல் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. குமாரு 2024 நவம்பரில் சேர்ந்தது. தேக்கு என்று நினைத்து வாங்கியவர் அனுமதிச் சீட்டு இல்லாத மரத்தோடு மாட்டிக்கொள்ள நேரும்.

கையில் வைத்துப் பார்க்க: முனையைக் கூரான உளியால் சீவுங்கள். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும், பிறகு சிறுத்துப்போகும். சில துளைகளில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மாவு படிந்திருக்கும். சீவிய இடத்தில் விரலை ஓட்டினால் மெழுகு தடவியது போல் வழுக்கும், தோல் பதனிட்ட வாடை வரும். இரோகோவில் அந்த வளைய வரிசை இருக்காது. புதிதாக அறுத்த தேக்கு பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருப்பதைக் கண்டு ஒதுக்க வேண்டாம். வெயில் பட்டால் சில நாளில், சில வாரத்தில் பொன்பழுப்பாகிவிடும். சந்தேகப்பட வேண்டியது, எல்லாப் பலகையும் ஒரே அச்சில் ஊற்றியது போன்ற நிறத்தில் இருந்தால்தான். அப்போது ஓரத்தைக் கத்தியால் சுரண்டுங்கள். மேலே பழுப்பு, அரை மி.மீ. கீழே வெளுப்பு என்றால் வெள்ளைக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

தடியை அளப்பது

தடி வியாபாரத்தில் கால் சுற்றளவுக் கணக்குதான் வழக்கம். நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். நடுச் சுற்றளவு 1 மீட்டர், நீளம் 3 மீட்டர் என்றால் 0.1875 கன மீட்டர். உண்மை உருளைக் கணக்கில் அதே தடி 0.239. கால் சுற்றளவு முறை உண்மையில் 78.5 சதவீதத்தைத்தான் காட்டும், அறுப்புச் சேதாரத்துக்கு விட்ட கழிவு அது. விற்பவர் எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று முதலில் கேட்டுவிடுங்கள். இரண்டு பேர் சொல்லும் கன அடியை ஒப்பிடும் முன் இது தெரியாவிட்டால் பேரமே அர்த்தமில்லை.

பட்டையோடு அளந்ததா, உரித்து அளந்ததா? பட்டை 1 செ.மீ. கனம் என்றாலே 100 செ.மீ. சுற்றளவு 93.7 ஆகிவிடும், கன அளவில் 12 சதவீதம் குறையும். உரித்த பின் அந்தத் தடி உருளைக் கணக்கில் 0.21 கன மீட்டர், மேலே சொன்ன மேசைக்கு ஏறக்குறைய சரியாக ஒரு தடி.

தேக்கின் அடிப்பகுதி வட்டமாக இருக்காது, மடிப்பு மடிப்பாக இருக்கும். நாடாவைச் சுற்றினால் அது மேடுகளின் மேலே இழுத்துக்கட்டியது போல் நிற்கும். நாடாவுக்கும் பள்ளத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறீர்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் பட்டை உள்ளே மடிந்து பலகையில் கறுப்பு வெடிப்பாக வரும். அடியில் அளக்காமல் மடிப்பு தீர்ந்த இடத்தில் அளப்பதே நியாயம்.

வைரத்தின் அளவு இன்னும் முக்கியம். வெள்ளை 2.5 செ.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். பட்டை உரித்த சுற்றளவு 60 செ.மீ. தடியில் வைரம் 55 சதவீதம்தான். அதே வெள்ளைக் கனம் 120 செ.மீ. தடியில் என்றால் வைரம் 75 சதவீதத்துக்கு மேல். சிறு தடி வாங்கும்போது தடி முனைகளில் ஸ்கேலை வைத்து வெள்ளையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்டியலில் வெள்ளையை ஏற்கக்கூடிய துண்டுகளைக் குறித்திருந்தால் இந்த நஷ்டம் பாதியாகும்.

வெள்ளையை வீணாக்காமல்

தேக்கைக் கரையான் தொடாது என்பது வைரத்துக்கு மட்டும் பொருந்தும். வைரத்திலுள்ள டெக்டோகுயினோன் போன்ற பொருள்கள்தான் அந்தக் காவல். வெள்ளையில் மாவுச்சத்து இருக்கிறது, உளுப்பூச்சி அதைத் தேடி வரும். உள்வீட்டுச் சாமானுக்கு அதை மருந்து ஊட்டிப் பயன்படுத்தலாம். 10 லிட்டர் சூடான தண்ணீரில் 600 கிராம் போராக்ஸும் 400 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, அறுத்த ஈரப் பலகையை முழுக்க நனைத்து, இடைவெளி இல்லாமல் அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் 3, 4 வாரம் மூடி வையுங்கள். மருந்து ஈரத்தின் வழியாகத்தான் உள்ளே போகும். காய்ந்த மரத்தில் மேலே பூசினால் தோலோடு நின்றுவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மழையில் நிற்கும் சாமானுக்கு இது பயன்படாது, மருந்து கரைந்து வெளியேறிவிடும். வெளிச் சாமானுக்கு வைரம் மட்டும்தான்.

உலர்த்துவது

ஒழுங்காக வாங்கிய மரம் பாதிச் சாமானில் வெடித்துக் குப்பைக்குப் போனால் வெட்டிய மரத்துக்கு அர்த்தமில்லை. தேக்கு மெதுவாக உலரும், ஆனால் பெரிதாக வம்பு செய்யாது. அதன் ஒரே கெட்ட பழக்கம், ஒரே அடுக்கில் ஒரு பலகை 11 சதவீத ஈரத்திலும் பக்கத்துப் பலகை 18 சதவீதத்திலும் நிற்கும். அதனால் ஒன்றிரண்டு பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. சீசனிங் செய்தது என்று சொன்னாலும் பத்துக்கு ஒன்று என்று எடுத்து, முனையிலிருந்து அரை மீட்டர் உள்ளே ஈரம் காட்டும் மீட்டரால் அளக்க வேண்டும்.

அந்த மீட்டரில் நம்பிக்கை இல்லையா? அந்த இடத்தில் ஒரு சிறு துண்டு வெட்டி உடனே எடை போடுங்கள், 103 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை வையுங்கள். 48.6 கிராம் 42 கிராம் ஆனால், இழந்த 6.6ஐ 42ஆல் வகுக்க, 15.7 சதவீதம். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு இது அதிகம். 8 முதல் 12 வரை, சாமான் நிற்கப்போகும் இடத்தின் காற்றைப் பொறுத்து.

நீங்களே உலர்த்தினால் முனைகளில் மெழுகோ கெட்டியான பெயின்ட்டோ அடியுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் தூக்கி, 25 மி.மீ. சதுரக் குச்சிகளை 450 மி.மீ. இடைவெளியில் ஒன்றின் நேர்மேலே ஒன்று வரும்படி வையுங்கள். குச்சி வரிசை தப்பினால் பலகை அந்த இடத்தில் தொய்யும். மேலே பாரம், நிழல், காற்று. இளந்தடியின் நடுக்குருத்து ஓடும் பலகையை நீளமான வேலைக்கு வைக்காமல் குட்டைத் துண்டுகளாக்கிவிடுங்கள்.

உலர்ந்த பின்னும் மரம் அசையும். ஈரம் 4 புள்ளி மாறினால் 900 மி.மீ. அகலத் தேக்கு மேல்பலகை சுமார் 7 மி.மீ. விரியவோ சுருங்கவோ செய்யும். சுற்றுச்சட்டத்தில் திருகு நுழையும் துளையை அகலவாக்கில் நீளமாக்கி விடுங்கள். இறுக்கிப் பசை போட்டுப் பிணைத்தால் ஒட்டிய பன்னிரண்டு பலகையில் ஏதோ ஒன்று பிளக்கும், பழி தோட்டத் தேக்கின் மேல் விழும். ஒட்டும்போது இன்னொன்று: தேக்கின் எண்ணெய் இழைத்த பின் மேலே வந்துகொண்டே இருக்கும். இழைத்த அன்றே, முடிந்தால் அரை மணி நேரத்துக்குள், ஓரத்தை அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து ஒட்டிவிட வேண்டும். முந்தைய வாரம் இழைத்த பலகையை ஒட்டினால் பிறகு பசையோடு உரிந்து வரும்.

கணக்குப் புத்தகம்

ஒவ்வொரு வாங்கலுக்கும் ஒரு எண் கொடுங்கள். பில், அனுமதிச் சீட்டு, தடிப் பட்டியல், தோட்டத்தின் அமைவிடம், ஈர அளவு எல்லாம் அந்த எண்ணில் ஒரு உறைக்குள். அடுக்கின் பலகை முனைகளில் அதே எண்ணை மெழுகுக் குச்சியால் எழுதுங்கள். முனை வெட்டும்போது எண்ணும் போய்விடும் என்பதால் வெட்டிய உடனே மறுமுனையில் திரும்ப எழுத வேண்டும், இதை மறப்பதுதான் எல்லாப் பட்டறையிலும் நடக்கும் தப்பு. சாமான் முடிந்ததும் அடிப்பக்கம் அந்த எண்ணையும் வருடத்தையும் சூட்டுக்கோலால் பதித்துவிட்டால், பத்து வருடம் கழித்து மேசையைக் கவிழ்த்துப் பார்ப்பவருக்கும் அது எந்த நிலத்து மரம் என்று சொல்ல முடியும்.